பழைய சர்வரை மெய்நிகர் கணினியாக மாற்றியபோது நான் பட்ட பாடு

விருதுநகரில் பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் கணக்கையும் கணினிகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பில் போடும் மென்பொருள், அதன் தரவுத்தளம், பல வருடப் பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரே ஒரு டவர் சர்வரில், விண்டோஸ் சர்வர் 2016இல் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெட்டி வேலை நேரத்தில் தானாகவே அணையத் தொடங்கியதும் கடை முதலாளி அண்ணாச்சி வெளியூரிலிருந்து ஒரு கணினி நிறுவனத்தை வரவழைத்தார். அவர்கள் சொன்ன யோசனை நல்ல யோசனைதான். புதிதாக ஒரு பெட்டி வாங்கி, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பழைய சர்வரை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாக, அதாவது பெட்டிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியாக, அதற்குள் கொண்டுவருவது. இந்த மாற்றத்துக்கான கட்டணம் 15,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வந்த இளைஞர் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவினார், வெறுமையாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி வைத்தார், "பழைய டிஸ்க்கை நகலெடுத்து இதில் இணைத்துவிடுங்கள் சார், வேலை முடிந்தது" என்று சொல்லிவிட்டு மதியப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதன் பிறகு அந்த நிறுவனத்தில் யாரும் என் அழைப்பை எடுக்கவில்லை.

பணத்தைக் கொடுத்தது அண்ணாச்சி, ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். பகலில் பழைய பெட்டியில் பில் ஓட வேண்டும். கடை அடைத்த பிறகுதான் நான் புதுப் பெட்டியைத் தொட முடியும். வாரக்கணக்கில் இரவுகள் இப்படியே போயின. கேட்பதற்கு ஆள் இல்லாமல், விண்டோஸ் செயலிழந்தால் வரும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு நள்ளிரவில் உட்கார்ந்திருக்கும்போது வரும் பயம் சாதாரணமானது இல்லை. அந்தப் பயத்தோடு இன்னொருவர் உட்காரக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். பெட்டியின் அடியில் நேரடியாக ஓடுவது ஹோஸ்ட். ப்ராக்ஸ்மாக்ஸ் விஷயத்தில் அது டெபியன் லினக்ஸ். அதன் மேல் ஓடும் நம்முடைய விண்டோஸ், கெஸ்ட். இந்த இரண்டுக்கும் நடுவில், ஹோஸ்ட் கெஸ்டுக்குக் காட்டும் கற்பனை வன்பொருள் இருக்கிறது: கணினியை எழுப்பிவிடும் பயாஸ், டிஸ்க்கை இணைக்கும் டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, கடிகாரம் எல்லாம். எனக்கு வந்த கோளாறுகள் பெரும்பாலும் கெஸ்டின் திரையில்தான் தெரிந்தன. காரணம் இந்த நடுப்பகுதியில் இருந்தது. விண்டோஸுக்குள் நுழைந்து எதையாவது நோண்டுவதற்கு முன்னால், கோளாறு மூன்றில் எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் இழந்த நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்வியை யாரும் எனக்குச் சொல்லித்தராததால் போனது.

முதல் இரவு மெய்நிகர் கணினியைத் தொடங்கும் பொத்தானை அழுத்தியதுமே தடை. கேவிஎம் கேட்கப்பட்டிருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. அமைப்பில் அதை நிறுத்து, இல்லையென்றால் பயாஸில் இயக்கு என்ற பொருளில் ஒரு செய்தி. கேவிஎம் என்பது 2007இல் வெளிவந்த 2.6.20 பதிப்பிலிருந்தே லினக்ஸின் உட்கருவான கெர்னலில் இருக்கும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பகுதி. ஆனால் அது பிராசசரின் துணை இல்லாமல் இயங்காது. இன்டெல் பிராசசர்களில் அந்த வசதிக்கு விடி-எக்ஸ் என்று பெயர், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று பயாஸில் இருக்கும். எங்களுடையது அசெம்பிள் செய்த பெட்டி. மதர்போர்டின் பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செய்தியின் முதல் பாதியைப் படித்துவிட்டு, அமைப்பில் கேவிஎம்மை நிறுத்தினால் கெஸ்ட் தொடங்கத்தான் செய்யும், ஆனால் எல்லாவற்றையும் மென்பொருளாலேயே பாவனை செய்து ஆமை வேகத்தில் நகரும். அதைச் செய்யாதீர்கள். பெட்டியை அணைத்து, பயாஸுக்குள் போய், பிராசசர் தொடர்பான பக்கத்தில் அந்த வசதியை இயக்கிச் சேமித்துவிட்டு, மின்சாரத்தையும் முழுதாக நிறுத்தி மறுபடி போடுங்கள். புதுப் பெட்டி வாங்கும்போதே, விற்பவர் முன்னிலையில் ஒரு வெற்றுக் கெஸ்டைத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. எனக்கு ஓர் இரவு போனது.

அடுத்து டிஸ்க்கை நகலெடுப்பது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டிஸ்க்கைக் கோப்பாக மாற்றும் டிஸ்க்2விஎச்டி என்ற கருவி மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. பில் மென்பொருளையும் தரவுத்தளச் சேவையையும் நிறுத்திவிட்டுத்தான் அதை இயக்க வேண்டும்; நகல் எடுக்கும்போது தரவுத்தளம் எழுதிக்கொண்டிருந்தால் பிறகு சரிபார்க்கும் வேலை தலைமேல் ஏறும். வெளி ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. பழைய பெட்டியின் முன்பக்க யூஎஸ்பி துளை பழைய 2.0 வகை, பின்பக்கம் 3.0. எங்களுடைய 300 ஜிபி தரவு முன்பக்கத் துளையில் மூன்று மணி நேரத்தைத் தின்றிருக்கும். கேபிளைச் செருகுவதற்கு முன் துளையின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக இருப்பது பெரும்பாலும் வேகமானது. கிடைத்த கோப்பை ப்ராக்ஸ்மாக்ஸின் இறக்குமதிக் கட்டளை நேரடியாகவே எடுத்துக்கொண்டது.

இறக்குமதி முடிந்ததும் டிஸ்க் தானாக இணைந்துவிடாது. மெய்நிகர் கணினியின் வன்பொருள் பக்கத்தில் 'பயன்படுத்தாத டிஸ்க்' என்று ஓர் ஓரமாகக் கிடக்கும். அதை இருமுறை சொடுக்கிச் சேர்க்க வேண்டும்; பிறகு விருப்பங்கள் பக்கத்தில் துவக்க வரிசைக்குப் போய் அதற்கு டிக் போட வேண்டும். இவை இரண்டையும் செய்த பிறகும் திரையில் 'துவக்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை' என்றே வந்தது. நகல் கெட்டுவிட்டதோ என்று வயிறு கலங்கியது. உண்மையில் நகலில் ஒரு குறையும் இல்லை. பழைய சர்வர், பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் துவங்கும் பெட்டி. அந்த இளைஞர் உருவாக்கிவைத்த மெய்நிகர் கணினியிலோ சீபயாஸ் என்ற பழைய பாணி பயாஸ் இருந்தது. ப்ராக்ஸ்மாக்ஸில் நாம் மாற்றாவிட்டால் அதுதான் வரும். யூஇஎஃப்ஐக்கு ஓவிஎம்எஃப் என்பதைத் தேர்ந்தெடுத்து, அது தன் அமைப்புகளை வைத்துக்கொள்ள ஒரு சிறிய இஎஃப்ஐ டிஸ்க்கையும் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் வசதியின் சாவிகளை முன்கூட்டியே பதிந்துகொள்ளும் தேர்வு ஒன்று வரும். பழைய பெட்டியில் செக்யூர் பூட் அணைந்திருந்ததால் அதை எடுத்துவிட்டேன். உங்கள் பழைய கணினி எந்த முறை என்று தெரிந்துகொள்ள, அது உயிரோடு இருக்கும்போதே சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் படித்து எழுதிவையுங்கள். 'லெகசி' என்று இருந்தால் சீபயாஸ், 'யூஇஎஃப்ஐ' என்று இருந்தால் ஓவிஎம்எஃப்.

இதற்குப் பிறகு விண்டோஸ் சின்னம் திரையில் தெரிந்தது. சந்தோஷம் சில நொடிதான். நீலத் திரை விழுந்தது. அதில் 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்', அதாவது துவக்க டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்ற வாசகம். மறுபடி துவங்கும், சின்னம் வரும், நீலம் விழும். டிஸ்க்கே கண்ணில் படாவிட்டால் விண்டோஸ் சின்னம் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை தேடித்தான் மிக அதிகமான இரவுகளைச் செலவழித்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துவக்கத்தின் முதல் கட்டத்தில் டிஸ்க்கைப் படிப்பது பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ. அந்த உதவியோடு விண்டோஸின் உட்கருவும், துவக்கத்துக்குத் தேவை என்று குறிக்கப்பட்ட டிரைவர்களும் (வன்பொருளோடு பேசும் சிறு மென்பொருள்கள்) நினைவகத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் டிஸ்க்கைப் படிக்க வேண்டும். எங்கள் மெய்நிகர் கணினியில் டிஸ்க் இணைந்திருந்தது விர்ட்ஐஓ ஸ்கஸி என்ற கன்ட்ரோலரில். விர்ட்ஐஓ என்பது உண்மையான எந்தக் கம்பெனி அட்டையையும் போல நடிக்காமல், கெஸ்டும் ஹோஸ்டும் நேரடியாகப் பேசிக்கொள்ள ரஸ்டி ரஸ்ஸல் வகுத்த முறை; லினக்ஸ் கெர்னலில் 2008 முதல் இருக்கிறது. வேகம் அதில்தான். லினக்ஸ் கெஸ்டுக்கு எந்தச் சிக்கலும் வராது. விண்டோஸோடு அந்த டிரைவர் வருவதில்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீட்டின் நிலைமைதான்: டிரைவரை நிறுவ விண்டோஸ் துவங்க வேண்டும், விண்டோஸ் துவங்க டிரைவர் வேண்டும்.

வழி இருக்கிறது, அதுவும் எளிய வழி. டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கஸியிலிருந்து பிரித்து, சாட்டா என்ற சாதாரண வகை கன்ட்ரோலரில் மறுபடி சேருங்கள். துவக்க வரிசையில் டிக் போடுவதை மறக்க வேண்டாம். டிஸ்க்கின் பெயர் மாறியதும் பழைய டிக் போய்விடும். சாட்டாவுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் அது துவங்கும். பழைய பெட்டியில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு அட்டை இருந்தால் இதிலும் ஒரு முறை நீலத் திரை வரலாம். அப்போது மீட்புத் திரையின் வழியாக சேஃப் மோடில் ஒரு தரம் துவக்கிவிட்டு வழக்கம்போல் துவக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் மேலே வந்ததும், ஃபெடோரா லினக்ஸ் திட்டம் வழங்கும் விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை (சிடியின் நகலான கோப்பு) மெய்நிகர் சிடி டிரைவில் போட்டு, அதில் இருக்கும் நிறுவியை இயக்குங்கள். நான் அத்தோடு நிறுத்திவிட்டு உடனே ஸ்கஸிக்கு மாற்றினேன், மறுபடி நீலம். டிரைவர் டிஸ்க்கில் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கன்ட்ரோலரை விண்டோஸ் ஒரு முறை நேரில் பார்த்தால்தான் அந்த டிரைவரைத் துவக்கத்துக்கு உரியது என்று குறித்துக்கொள்ளும். அதற்காக, முதன்மை டிஸ்க் சாட்டாவிலேயே இருக்க, 1 ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கஸியில் கூடுதலாகச் சேர்த்தேன். விண்டோஸைத் துவக்கினேன். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்கள் என்ற தலைப்பின் கீழ் ரெட் ஹாட் விர்ட்ஐஓ ஸ்கஸி என்ற பெயர் மஞ்சள் குறி இல்லாமல் தெரிந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் அணைத்தேன், சிறிய டிஸ்க்கை நீக்கினேன், பெரிய டிஸ்க்கை ஸ்கஸிக்கு மாற்றினேன், துவக்க வரிசையில் டிக் போட்டேன். வந்துவிட்டது. விடியற்காலையில் தனியாகக் கடைக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

இதில் ஓர் எச்சரிக்கை. நீலத் திரையைப் பார்த்ததும் பலர் விண்டோஸின் பழுதுநீக்கும் சிடியைப் போட்டு, துவக்கப் பதிவுகளைத் திரும்ப எழுதும் கட்டளைகளை ஓட்டத் தொடங்குவார்கள். இங்கே துவக்கப் பதிவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நன்றாக இருப்பதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் தொங்குகிறது என்று பாருங்கள்.

நெட்வொர்க்குக்கு அவ்வளவு விவரம் தேவையில்லை, ஆனால் இரண்டு இடங்களில் தடுக்கும். பழைய நிலையான ஐபி முகவரியைப் புது விர்ட்ஐஓ கார்டுக்குக் கொடுத்தபோது, இந்த முகவரி வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று விண்டோஸ் தகராறு செய்தது. அந்த வேறொரு கார்டு பழைய பெட்டியின் மதர்போர்டில் இருந்தது. இப்போது ஆவியாக விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் மட்டும் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கிய நிறத்தில் தெரியும். அதை அகற்றிவிட்டு முகவரியைக் கொடுங்கள். அடுத்தது, பில் போடும் கணினிகள் எதுவும் சர்வரை எட்டவில்லை, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கூடப் போகவில்லை. கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கும் ரூட்டருக்கும் பிங் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் கெஸ்டை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் ஹோஸ்டின் பிரிட்ஜும் கேபிளும் சரி. தடை கெஸ்டுக்குள் இருக்கிறது. புதுக் கார்டைக் கண்ட விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு 'பொது' என்ற வகையில் போட்டு, ஃபயர்வாலை இறுக்கிவிட்டது. அந்த இணைப்பைத் 'தனியார்' என்று மாற்றியதும் எல்லாம் பேசத் தொடங்கின. யாராவது ஃபயர்வாலையே நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். இன்னொன்று: ஹோஸ்டுக்கு வைஃபை போதும், கேபிள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வைஃபை கார்டின் மேல் சாதாரண முறையில் பிரிட்ஜ் போட முடியாது. கேபிள் இழுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இறுதியாக நகலெடுத்து, திங்கட்கிழமை புதுச் சர்வரில் கடையைத் திறந்தோம். காலை பத்து மணிக்கு அண்ணாச்சி ஒரு பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "தம்பி, இப்போது மணி பத்து. பில்லில் ஏன் நாலரை என்று இருக்கிறது?" சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. ஐந்தரை என்றதுமே இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி என்று பிடிபட்டுவிட்டது. லினக்ஸ் ஹோஸ்ட் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் காட்டும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இயங்குதள வகையில் விண்டோஸ் என்று குறித்திருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸே இதைச் சரிப்படுத்தியிருக்கும். அந்த இளைஞர் முதலில் வந்து நிற்கும் லினக்ஸ் என்ற வகையை அப்படியே விட்டுவிட்டிருந்தார். அவசரத்துக்கு விண்டோஸுக்குள்ளேயே நேரத்தைத் திருத்தினேன். மறுதுவக்கம் செய்தாலும் சரியாகவே இருந்தது. இரவில் ஹோஸ்டிலிருந்து முழுதாக நிறுத்தித் தொடங்கியதும் பழையபடி ஐந்தரை மணி நேரம் பின்னே போய்விட்டது, ஏனென்றால் அந்தத் திருத்தம் அதுவரை ஓடிய கற்பனைக் கடிகாரத்தோடு போய்விட்டது. விருப்பங்கள் பக்கத்தில் இயங்குதள வகையை விண்டோஸ் என்று மாற்றி, கடிகாரத்துக்கு உள்ளூர் நேரம் என்பதும் ஆம் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாகத் தீர்ந்தது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கடையில் லாரிக்கு ஏற்றும் சரக்குக்கு விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே பில் போடுவார்கள். ஐந்தரை மணிக்கு முன்பு போடும் பில்லில் முந்தின நாள் தேதி விழும். அது மாதத்தின் முதல் தேதியாக இருந்தால் ஜிஎஸ்டி கணக்கில் விற்பனை போன மாதத்துக்குப் போய்விடும். பில்லில் ஒரு தேதியும் இ-வே பில்லில் ஒரு தேதியுமாக வழியில் லாரி நின்றால் யார் பதில் சொல்வது? அன்று காலை போட்ட பில்களை எல்லாம் ரத்து செய்து திரும்பப் போட்டோம். கெஸ்ட் துவங்கியதும் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் திரையின் வலது மூலையில் இருக்கும் மணி.

பணம் அதிகம் போனது உரிமங்களில். கணக்கு மென்பொருளின் உரிமம் கணினியின் வன்பொருளோடு கட்டுண்டது. புதுக் கெஸ்டில் திறந்ததும், இது வேறு கணினி என்று சொல்லி நின்றுவிட்டது. பழைய கணினியில் உரிமத்தை முறைப்படி ஒப்படைத்திருந்தால் புதிய இடத்தில் கட்டணம் இல்லாமல் எடுத்திருக்கலாமாம். பழைய பெட்டியோ அதற்குள் துவங்க மறுத்துவிட்டது. 9,000 ரூபாய் கட்டி மறுபடி பெற்றோம். அது கிடைக்கும்வரை கையால் எழுதிய பில்களை இரவு உட்கார்ந்து கணினியில் ஏற்றினோம். விண்டோஸ் உரிமம் இன்னும் வேதனை. பழைய சர்வரோடு வந்தது ஓஈஎம் உரிமம். அந்தப் பெட்டியோடு பிறந்து அந்தப் பெட்டியோடு முடிவது. புதிதாக ஸ்டாண்டர்டு உரிமம் வாங்க வேண்டியிருந்தது, அதன் விலை புதுப் பெட்டியின் விலையில் பாதிக்கு மேல். இதை அந்த நிறுவனம் முதல் நாளே மதிப்பீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி கோபப்படவில்லை, கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் காசோலையில் கையெழுத்துப் போட்டார், அது எனக்குத் திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆகவே, யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் உரிமச் செலவை எழுத்தில் வாங்குங்கள். ஸ்டாண்டர்டு உரிமம் 16 கோர் வரை உள்ள ஒரு பெட்டியில் இரண்டு விண்டோஸ் கெஸ்டுகளுக்கு இடம் தருகிறது என்பது ஒரு ஆறுதல். பின்னால் டெலிவரிப் பிரிவுக்கு ஒன்று தேவைப்பட்டால் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் அடங்கி மூன்று மாதம் போல ஓடியது. பிறகு ஒரு மாலை, கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில், எல்லாக் கணினிகளும் ஒரே சமயத்தில் உறைந்தன. ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தில் மெய்நிகர் கணினியின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், நிலை 'ஐஓ-எரர்', அதாவது டிஸ்க்கில் படிப்பதிலோ எழுதுவதிலோ கோளாறு. கெஸ்டுக்குள் கடைசியாகப் பார்த்தபோது டி டிரைவில் பாதிக்கு மேல் காலி இருந்தது. ஆனால் கெஸ்டின் டிஸ்க்குகளுக்கு இடம் தரும் ஹோஸ்டின் தின் பூல் என்ற பொதுச் சேமிப்பு நிரம்பியிருந்தது. தின் என்றால், 1 டிபி என்று பெயருக்குச் சொல்லிவிட்டு, எழுத எழுதத்தான் இடத்தை ஒதுக்கும். எங்கள் எஸ்எஸ்டியில் அந்தப் பூலுக்கு இருந்தது சுமார் 800 ஜிபி. அதில் 1 டிபி கெஸ்ட் டிஸ்க். பில் மென்பொருள் தினமும் டி டிரைவில் ஒரு பேக்கப் எழுதும், பழையதை அழிக்கும். விண்டோஸ் அழித்தால் அதன் கணக்கில் இடம் காலி. ஆனால் அந்தச் செய்தி கீழே ஹோஸ்டுக்குப் போகாவிட்டால் பூலில் இடம் திரும்பக் கிடைக்காது, ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கைகள் நடுங்கின என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நேரத்தில் கெஸ்டை வலுக்கட்டாயமாக நிறுத்தாமல் இருந்ததுதான் காப்பாற்றியது. ஐஓ-எரர் நிலையில் கெஸ்ட் செத்துவிடவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பூலில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தொடக்க நாள்களில் சோதனைக்கு இறக்குமதி செய்த நகல் ஒன்று இன்னொரு மெய்நிகர் கணினியின் பெயரில் கிடந்தது. அதை நீக்கியதும் இடம் கிடைத்தது. பிறகு 'தொடர்' என்று கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. அன்று இரவே கெஸ்டை அணைத்து, டிஸ்க்கின் அமைப்பில், அழித்த இடத்தை ஹோஸ்டுக்குத் தெரிவிக்கும் 'டிஸ்கார்டு' என்பதற்கு டிக் போட்டு, மறுபடி துவக்கி, விண்டோஸின் டிரைவ் சீரமைப்புக் கருவியை ஒரு முறை ஓட்டினேன். பூலின் பயன்பாடு கண்ணெதிரே இறங்கியது. நீங்கள் முதல் நாளே அந்த டிக்கைப் போட்டுவிடுங்கள். பூலில் தரவு எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, மெட்டாடேட்டா (எது எங்கே இருக்கிறது என்ற உள்கணக்கு) எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். வாரம் ஒரு முறை இரண்டையும் பாருங்கள். ஸ்னாப்ஷாட் (கெஸ்டின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்தால் வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள், அதுவும் இந்தப் பூலிலிருந்துதான் இடத்தைத் தின்னும்.

மின்வெட்டைப் பற்றிச் சுருக்கமாக. யூபிஎஸ் தீர்ந்து பெட்டி அணைந்து, மின்சாரம் வந்ததும் ஹோஸ்ட் தானாக எழுந்துவிட்டது, கெஸ்ட் எழவில்லை. விருப்பங்களில் 'துவக்கத்தில் தொடங்கு' என்பதை ஆம் என்று வையுங்கள். டிஸ்க்கில் எழுத வேண்டியதை நினைவகத்தில் தற்காலிகமாக வைக்கும் டிஸ்க் கேஷ் முறையில் வேகத்துக்காக 'ரைட்பேக்' போடச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு. எழுதப்பட வேண்டியது ஹோஸ்டின் நினைவகத்தில் நிற்கும்போது மின்சாரம் போனால் கடைசி நேரத்துப் பதிவுகள் போகக்கூடும். எங்கள் ஊர் மின்சாரத்துக்கு அது வேண்டாம் என்று முன்னிருப்பாக வருவதையே வைத்திருக்கிறேன்.

கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறிய சேவையை விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவிலிருந்தே விண்டோஸில் நிறுவிக்கொள்ளலாம். பேக்கப் எடுக்கும்போது அது விண்டோஸிடம் சொல்லி எழுதுவதை ஒரு கணம் நிறுத்தவைக்கிறது. தரவுத்தளம் ஓடும் கெஸ்டுக்கு இது மிக அவசியம். ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸில் ஏஜென்ட் உண்டு என்று டிக் போட்டுவிட்டு உள்ளே நிறுவாமல் விட்டால், அணைக்கச் சொல்லும் கட்டளை பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து தோற்றுப்போகும். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போது கெஸ்ட் அணைய மறுத்த காரணம் இந்த டிக்தான்.

இப்போது தினமும் இரவு வேறொரு பெட்டியில் இருக்கும் டிஸ்க்குக்கு முழு பேக்கப் போகிறது. மாதம் ஒரு முறை அதை வேறொரு எண்ணில் புதுக் கெஸ்டாக மீட்டு, பில் மென்பொருளைத் திறந்து, முந்தின நாளின் கடைசிப் பில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீங்களும் அப்படிச் செய்தால், மீட்ட கெஸ்டைத் தொடங்குவதற்கு முன் அதன் நெட்வொர்க் கார்டின் அமைப்பில் 'இணைப்பைத் துண்டி' என்பதற்கு டிக் போட்டுவிடுங்கள். அதே ஐபி, அதே பெயர், அதே தரவுத்தளத்தோடு இரண்டாவது சர்வர் எழுந்தால், பாதிக் கணினிகள் இதிலும் பாதிக் கணினிகள் அதிலுமாகப் பில் போட ஆரம்பித்துவிடும்; பிறகு அந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகச் சேர்க்க எந்தக் கருவியும் கிடையாது.